ஒன்பதை அழுத்தியும் ஆள் வரவில்லையா?

மதியம் மூன்று மணி. கோவை கணபதியில் ஒரு சின்ன வால்வு கம்பெனி. அக்கவுண்ட்ஸில் சேர்ந்து இரண்டு மாதமே ஆன பெண், போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. அழுத்தினாள். நடப்புக் கணக்குக்கு ஒன்று. அழுத்தினாள். கணக்கு எண்ணைக் கேட்டது; செக் புக்கைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாக அடித்தாள். அதன் பிறகு வரிசையாக ஏழு தேர்வுகள். ஏழாவது வருவதற்குள் மூன்றாவது மறந்துவிட்டது. சரியாகக் கேட்கட்டும் என்று போனைக் காதில் வைத்தாள், ஸ்கிரீன் அணைந்தது. திரும்ப எடுத்து எண்பலகையைத் தேடிப் பிடிப்பதற்குள், நீங்கள் எதையும் தேர்வு செய்யவில்லை, அழைத்ததற்கு நன்றி என்று சொல்லி அது வைத்துவிட்டது.

"அக்கா, மறுபடியும் முதல்ல இருந்து வருதுங்க" என்றாள். அது மூன்றாவது தடவை.

ஒரே கட்டணத்தை வங்கி இரண்டு முறை கழித்திருந்தது. கேட்க வேண்டியது அந்த ஒரு கேள்விதான். மாதத்தில் இரண்டு நாள் போய் அந்தக் கம்பெனியின் கணக்கைப் பார்த்துக் கொடுப்பவள் நான். "இதுக்கு முன்னாடி இந்த நம்பருக்கு யாரும்மா பேசிட்டிருந்தது?" என்று கேட்டேன்.

"பழைய அண்ணன்தானுங்க. எதை எதை அமுக்கணும்னு அவருக்கு மனப்பாடம்."

பழைய அண்ணன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். வழியும் அவரோடு போய்விட்டது.

சின்ன அலுவலகங்களில் இந்த வேலை யாரோ ஒருவர் தலையில் விழும். வங்கி, காப்பீடு, கூரியர், இன்டர்நெட் இணைப்பு, பி.எஃப். என்று வாரத்துக்கு நாலைந்து கஸ்டமர் கேர் அழைப்பாவது இருக்கும். வேலைப் பட்டியலில் இதற்கு ஒரு வரி கிடையாது. "ஒரு போன் போட்டுக் கேட்டுடும்மா" என்று முதலாளி சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு போன் நாற்பது நிமிடம் தின்னும். வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் தங்கள் சாமர்த்தியத்தைக் காட்ட எக்ஸெல் படிக்கிறார்கள், டேலி படிக்கிறார்கள். நல்லதுதான். கஸ்டமர் கேர் மெனுவைக் கடந்து ஓர் ஆளைப் பிடித்து, வேலையை முடித்து, அதற்கு அத்தாட்சியும் வாங்கி வைக்கத் தெரிந்தவரை அலுவலகம் அதைவிடச் சீக்கிரம் கவனிக்கும் என்பது என் அனுபவம்.

மெனுவுக்கு வரைபடம் போட்டவர்கள்

கேட்கும்போது மெனு ஒரு காட்டுப் பாதை மாதிரி இருக்கும். எழுதிப் பார்த்தால் அது ஒரு மரம். அடியில் மொழி, அதற்கு மேல் சேவையின் வகை, அதற்கு மேல் பிரச்சினையின் வகை, எங்கோ ஒரு கிளையின் நுனியில் மனிதர். அந்தப் பதிவு பேசும் வேகத்தில்தான் நாம் ஏற வேண்டியிருக்கிறது, சிக்கல் அங்கேதான். கண்ணால் பார்த்தால் ஐந்து விநாடியில் முடிகிற தேர்வு, காதால் கேட்டால் இரண்டு நிமிடம்.

அமெரிக்காவில் பால் இங்கிலிஷ் என்பவர் இதற்கு 2005இல் ஒரு வேலை செய்தார். கயாக் என்ற பயணத் தேடல் தளத்தை நிறுவியவர்களில் ஒருவர் அவர். எந்தக் கம்பெனிக்குப் போன் போட்டால் எந்தெந்தப் பொத்தானை அழுத்தினால் ஆள் வருவார் என்று ஒரு பட்டியல் தயாரித்து இணையத்தில் போட்டார். அதைப் பார்த்தவர்கள் தாங்கள் கண்டுபிடித்த வழிகளையும் சேர்த்தார்கள். கெட்ஹியூமன் என்ற தளம் அதிலிருந்து வளர்ந்தது. கனடாவின் டொரான்டோவில் தொடங்கிய ஃபோனோலோ இன்னும் ஒரு படி மேலே போனது. கம்பெனிகளின் மெனுக்களை மரப்படமாகத் திரையில் காட்டியது. வேண்டிய இடத்தில் கிளிக் செய்தால் போதும்; அதுவே கம்பெனியைக் கூப்பிட்டு, பொத்தான்களை அழுத்தி, உரிய கிளைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு உங்கள் போனை அடிக்கும். பிற்பாடு அந்த நிறுவனம், காத்திருப்பவரைத் திரும்ப அழைக்கும் வசதியைக் கம்பெனிகளுக்கே விற்கும் தொழிலுக்கு மாறிக்கொண்டது.

அப்புறம் போன்களே இந்த வேலையை எடுத்துக்கொண்டன. கூகுள் தன் பிக்சல் போன்களில் 2020இல், ஹோல்டில் உங்களுக்குப் பதிலாகத் தானே காத்திருக்கும் வசதியை அமெரிக்காவில் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு, மெனு பேசப் பேசத் தேர்வுகளைத் திரையில் எழுத்தாகக் காட்டும் வசதி வந்தது. ஆப்பிளும் 2025இல் ஐ.ஓ.எஸ். 26இல் ஹோல்டு உதவியைச் சேர்த்தது. இவையெல்லாம் நாட்டையும் மொழியையும் பொறுத்தவை. உங்கள் போனின் அழைப்பு செட்டிங்ஸில் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். இருந்தால் யோகம். இல்லாவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. நமக்கு வேண்டியது பால் இங்கிலிஷ் செய்த வேலைதான். அதற்கு ஒரு கூகுள் ஷீட் போதும்.

ஷீட்டில் என்ன எழுதுவது

அந்தப் பெண்ணோடு அன்று சாயங்காலமே உட்கார்ந்து ஒரு ஷீட் திறந்தோம். அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கலாம், இரண்டு பேர் மட்டும் திருத்தலாம் என்று வைத்தோம். முதல் வரி அந்த வங்கி. நான்காவது முறை கூப்பிட்டபோது பிரச்சினையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், வழியை மட்டும் எழுது என்றேன். வரைபடம் போட ஒரு அழைப்பு, வேலையை முடிக்க ஒரு அழைப்பு என்று பிரித்துக்கொண்டால் பதற்றம் பாதியாகக் குறைகிறது.

அவள் எழுதியது இப்படி இருந்தது: "2 தமிழ் – 1 நடப்புக் கணக்கு – கணக்கு எண் அடித்து # – 5 கட்டணங்கள் – 9 அதிகாரி. மொழியைச் சொல்லும்போதே அழுத்தலாம். கணக்கு எண் கேட்கும்போது பேசி முடிக்கும்வரை காத்திருக்கணும், முன்னாடி அடிச்சா எடுக்காது."

இந்தக் கடைசி வாக்கியம்தான் தங்கம். பெரும்பாலான மெனுக்கள், பதிவு முழுதும் ஓடி முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. நடுவிலேயே அழுத்தினால் அடுத்த படிக்குப் போய்விடும். சில இடங்களில் மட்டும் அடம் பிடிக்கும். எங்கே அடம் பிடிக்கிறது என்று தெரிந்தால், மீதி எல்லா இடத்திலும் ஓடலாம்.

வழியைத் தவிர இன்னும் சில பத்திகள் வேண்டும். உள்ளே போனதும் என்ன கேட்பார்கள்: வாடிக்கையாளர் எண், பதிவு செய்த மொபைல், பாலிசி எண், பிறந்த தேதி. அன்றைக்கு எத்தனை நிமிடம் காத்திருந்தோம், எந்தக் கிழமை, எத்தனை மணி. கடைசியாக வழியைச் சரிபார்த்த தேதி. இந்தத் தேதி இல்லாத வரியை நம்ப வேண்டாம். மெனுவை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருப்பார்கள். எழுதக் கூடாதவை: கடவுச்சொல், பின், கார்டின் முழு எண், பின்பக்கத்து மூன்று இலக்கம். நாலு பேர் பார்க்கும் ஷீட் அது.

எல்லாவற்றுக்கும் முந்திய பத்தி ஒன்று உண்டு: இந்த நம்பர் எங்கிருந்து எடுத்தது?

நம்பரை எங்கிருந்து எடுத்தீர்கள்

இந்த ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். கம்பெனியின் பெயரையும் கஸ்டமர் கேர் என்ற சொல்லையும் தேடுபொறியில் தட்டி, மேலே வந்த நம்பரை அழைத்துப் பணம் இழந்தவர்கள் நம் ஊரில் நிறைய. மோசடிக்காரர்கள் போலித் தளங்களிலும், வரைபடச் செயலிகளில் கடைகளுக்கும் கிளைகளுக்கும் உரிய பக்கங்களிலும் தங்கள் மொபைல் எண்ணைப் போட்டு வைக்கிறார்கள். அங்கே மெனு எதுவும் இருக்காது. முதல் ரிங்கிலேயே ஆள் எடுப்பார், நல்ல தமிழில், "சொல்லுங்க மேடம்" என்பார். காத்திருந்து காத்திருந்து நொந்தவருக்கு அந்தக் குரல் தேனாக இருக்கும். அடுத்து, ஸ்கிரீனைப் பகிரும் ஆப் ஒன்றை இறக்கச் சொல்வார். அல்லது ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கச் சொல்வார்.

ஆகவே நம்பர் வர வேண்டிய இடங்கள் மூன்றே: கார்டின் பின்பக்கம் அல்லது பாலிசி, பில் போன்ற காகிதம்; நீங்களே முகவரியைத் தட்டிப் போன அதிகாரபூர்வ இணையதளம்; கம்பெனியின் சொந்த ஆப். ஷீட்டில் அந்த இடத்தையும் எழுதுங்கள். அவர்களே நம்மைக் கூப்பிடுகிறபோதும் எண்ணைக் கவனியுங்கள். விளம்பர அழைப்புகளுக்கு 140இல் தொடங்கும் எண்களும், வங்கி, காப்பீடு போன்றவற்றின் சேவை அழைப்புகளுக்கு 1600இல் தொடங்கும் எண்களும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சாதாரணப் பத்து இலக்க மொபைலிலிருந்து "பேங்க்கில் இருந்து பேசுறோம்" என்றால் வைத்துவிட்டு, ஷீட்டில் உள்ள நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930. அதற்கு எந்த ஷீட்டும் தேவையில்லை, மனப்பாடம் வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். 1800இல் தொடங்குவது இலவசம். 1860இல் தொடங்குவது அப்படி அல்ல. அழைப்பவர் கட்டணம் கட்ட வேண்டும். இரண்டு நம்பரும் கொடுத்திருந்தால் எது முதலில் என்று சொல்லத் தேவையில்லை.

போனே ஏறட்டும்

வழி தெரிந்துவிட்டால் அதை விரலால் அழுத்துவதும் வீண் வேலைதான். காண்டாக்டில் நம்பரைச் சேமிக்கும்போது அதன் பின்னாலேயே வழியையும் சேர்த்து எழுதிவிடலாம். எண்ணுக்குப் பின் ஒரு கமா போட்டால் போன் சுமார் இரண்டு விநாடி நிற்கும். பிறகு அடுத்த இலக்கத்தை அதுவே அழுத்தும். நாலு விநாடி வேண்டுமென்றால் இரண்டு கமா. அரைப்புள்ளி போட்டால், நீங்கள் சரி என்று சொல்லும்வரை நிற்கும். ஆண்ட்ராய்டு எண்பலகையின் மெனுவில் இரண்டு விநாடி இடைவெளி, காத்திரு என்று இரண்டு தேர்வுகளாக இவை இருக்கின்றன. ஐபோனில் காண்டாக்டைத் திருத்தும்போது + * # என்ற பொத்தானுக்குள் இருக்கின்றன.

அந்த வங்கி நம்பருக்குப் பின்னால் நாலு கமா, 2, மூன்று கமா, 1, பிறகு அரைப்புள்ளி என்று எழுதினோம். கணக்கு எண்ணை வேண்டுமென்றே சேர்க்கவில்லை, அது கையால்தான். முதல் முயற்சியில் இரண்டு சீக்கிரம் அழுந்திவிட்டது, வாழ்த்துரை முடியவில்லை. ஒரு கமா கூட்டினோம். சரியாகிவிட்டது. அலுவலகக் கூகுள் கணக்கில், கம்ப்யூட்டரில் காண்டாக்ட்ஸ் பக்கத்தைத் திறந்து ஒரு தடவை அடித்து வைத்தால், அதே கணக்கு உள்ள போன்களுக்கெல்லாம் போய்ச் சேரும். புதிதாக வருபவர் பெயரைத் தொட்டால் போதும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று அந்தப் பெண் கேட்டாள். போனில் ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஸ்வரங்களை ஒரே நேரத்தில் எழுப்புகிறது. ஒன்றை அழுத்தினால் 697, 1209 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். இரண்டுக்கு 697, 1336. கிடைவரிசைக்கு ஒரு ஸ்வரம், நெடுவரிசைக்கு ஒரு ஸ்வரம். மறுமுனையில் உள்ள எந்திரம் அந்த ஜோடியை வைத்து எண்ணைக் கண்டுபிடிக்கிறது. அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1963 நவம்பரில் பென்சில்வேனியாவின் இரண்டு சிற்றூர்களில் இதை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது. அந்தப் பொத்தான் ஸ்வரத்தை நம்பித்தான் இன்றைக்கும் பொத்தான் மெனுக்கள் ஓடுகின்றன. சக்கரம் சுழற்றும் போனுக்கு இந்தப் பாஷை தெரியாது. தொண்ணூறுகளில் வாங்கிய பொத்தான் போன்களின் அடியில் டோன், பல்ஸ் என்று ஒரு குட்டி சுவிட்ச் இருந்தது நினைவிருக்கிறதா? பல்ஸில் இருந்தால் எந்த மெனுவும் நம் பேச்சைக் கேட்காது. அன்று ரயில்வே விசாரணைக்குப் போன் போட்டு, மேலும் கீழும் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

போனே வேண்டாமா?

கூப்பிடும் முன் ஒரு கேள்வி: இதற்கு ஆள் தேவையா? மெனுவை ஏறி, காத்திருந்து, கடைசியில் ஆள் படித்துச் சொல்லும் தகவல் பல நேரம் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் கிடைப்பதாக இருக்கும். பி.எஃப். இருப்புக்கு, யு.ஏ.என். எண்ணோடு இணைத்த மொபைலிலிருந்து 9966044425க்கு ஒரு மிஸ்டு கால் போதும். இரண்டு ரிங்கில் அதுவே துண்டித்துக்கொண்டு தகவலை அனுப்பும். ரயில் டிக்கெட்டின் நிலைக்கு பி.என்.ஆர். எண்ணை 139க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பலாம். மிஸ்டு காலைக் காசு மிச்சம் பிடிக்கும் தந்திரமாகப் பழகிய நாடு நம்முடையது. அதையே சேவையாக்கிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. வங்கிகளும் இருப்பு அறிய இந்த வசதி வைத்திருக்கின்றன. ஷீட்டில் 'மாற்று வழி' என்று ஒரு பத்தி வைத்து இவற்றை எழுதுங்கள்.

எல்லா எண்ணும் பொத்தான் காடு என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ்நாடு மின்வாரியம் 2021இல் தொடங்கிய மின்னகம், 94987 94987, இருபத்துநாலு மணி நேரமும் புகாரைப் பதிகிறது. ஆதாருக்கு 1947, அந்த எண்ணை மறக்க முடியாதபடி யாரோ யோசித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கம்பெனி இணையதளத்தில் 'எங்களைத் திரும்ப அழையுங்கள்' என்ற படிவம் இருந்தால், அதுதான் என் முதல் தேர்வு. நீங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, காத்திருப்பது அவர்கள் தலைவலி. சாட் வசதியைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்லெண்ணம் கிடையாது. சாட்பாட் என்பது பெரும்பாலும் அதே மெனு, எழுத்தில். ஆனாலும் ஒரு நன்மை: பேசியதெல்லாம் எழுத்தாக இருக்கும். பாதியில் உண்மையான ஆள் வந்துவிட்டால் முழு உரையாடலையும் பிரதி எடுத்து வையுங்கள். பேச்சில் "பண்ணிடறோம் சார்" என்பவர்கள் எழுத்தில் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள்.

எப்போது கூப்பிடுவது

டென்மார்க்கில் எர்லாங் என்ற கணித அறிஞர் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்தார். எத்தனை இணைப்பு வைத்தால் எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்ற கணக்கை 1909 முதல் எழுதி வெளியிட்டார். கால் சென்டர்களில் எத்தனை பேரை உட்காரவைப்பது என்பதை இன்றும் அவர் வகுத்த கணக்கை ஒட்டித்தான் தீர்மானிக்கிறார்கள். அதிலிருந்து நமக்கு வேண்டியது ஒரு விஷயம்தான். ஒரே கவுன்ட்டர் இருக்கிற இடம் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருப்பவருக்கு நேரத்தில் 80 சதவீதம் வேலை இருந்தால், சராசரியாக நாலு பேர் அங்கே இருப்பார்கள். 90 சதவீதமானால் ஒன்பது பேர். 95 சதவீதமானால் பத்தொன்பது பேர். வேலை கொஞ்சம்தான் கூடுகிறது. வரிசை பல மடங்கு நீள்கிறது.

அதனால் நெரிசல் கொஞ்சம் குறைந்த நேரத்துக்குத் தள்ளிப்போனாலே காத்திருப்பு நன்றாகக் குறையும். திங்கள் காலை, மாதத்தின் முதல் வாரம், நீண்ட விடுமுறைக்கு அடுத்த நாள் ஆகியவற்றை நான் தொடுவதில்லை. அலுவலகங்கள் டிபனுக்குப் பிறகு போனை எடுக்கும் பதினொன்றரை மணியும் அப்படித்தான். இருபத்துநாலு மணி நேர எண்ணாக இருந்தால் காலை எட்டுக்கு முன் பாருங்கள். ஆனால் ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இதற்காகத்தான் ஷீட்டில் கிழமையும் நிமிடமும் எழுதச் சொன்னேன். மூன்று மாதத்தில் உங்கள் ஷீட்டே உங்களுக்குச் சொல்லும்.

ஒரு தந்திரத்தைப் பலரும் சொல்வார்கள்: புதிய வாடிக்கையாளர் என்ற தேர்வை அழுத்து, உடனே எடுப்பார்கள் என்று. எடுப்பார்கள்தான். விற்பனைப் பிரிவுக்கு உங்கள் பழைய கணக்கைத் திறக்கும் வழி இருக்காது. வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள். அங்கே வரிசையின் கடைசியில் நிற்பீர்கள். கார்டு தொலைந்தது என்ற அவசரக் கிளையில் நுழைவது அதைவிட மோசம். உண்மையில் கார்டைத் தொலைத்துவிட்டுப் பதறிக்கொண்டு ஒருவர் உங்களுக்குப் பின்னால் நிற்பார்.

பேசச் சொல்லும் எந்திரமாக இருந்தால் கதை சொல்லாதீர்கள். "பத்தாம் தேதி போட்ட பேமென்ட்டுங்க, அது என்னாச்சுன்னா" என்று ஆரம்பித்தால் அதற்குத் தலையும் புரியாது, காலும் புரியாது. "கட்டணம்", "புகார்", "ஏஜென்ட்" என்று ஒற்றைச் சொல். ஃபேனை அணைத்துவிட்டுப் பேசினால் இன்னும் நல்லது.

ஆள் வந்த பிறகு

இவ்வளவு பாடுபட்டு ஆளைப் பிடித்த பிறகு, பலரும் முதல் ஐந்து நிமிடத்தைக் காத்திருந்த கோபத்தில் செலவிடுகிறார்கள். எதிரே இருப்பவர் மெனுவை வடிவமைத்தவர் இல்லை. ஒரு நாளைக்கு இதே கோபத்தை எத்தனையோ முறை வாங்கிக்கொள்பவர். பெயரைக் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், பெயர் சொல்லிப் பேசுங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி, எவ்வளவு தொகை, என்ன வேண்டும். நாலு வரி. கூப்பிடும் முன்பே எழுதி வைத்திருந்தால் முப்பது விநாடியில் முடிந்துவிடும். தொடங்கியதுமே, "லைன் கட் ஆனா இந்த நம்பருக்கே திரும்பக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

வைப்பதற்கு முன் புகார் எண். இதுதான் முழு அழைப்பின் பலன். டாக்கெட் நம்பர், சர்வீஸ் ரெக்வஸ்ட் நம்பர், டிக்கெட் நம்பர் என்று என்ன பெயரிலாவது சொல்லட்டும், வாங்காமல் வைக்காதீர்கள். "எஸ்.எம்.எஸ். வரும் மேடம்" என்றால், வரும்வரை லைனில் இருங்கள். பிறகு ஷீட்டில் இன்னொரு தாளைத் திறந்து தேதி, நேரம், பெயர், புகார் எண், எத்தனை நாளில் முடியும் என்றார்கள் என்று ஒரு வரி. அவர்களுடைய அழைப்புகள் பதிவாகின்றன என்று அவர்களே சொல்கிறார்கள். அழைத்த நேரத்தை நீங்கள் குறித்து வைத்திருந்தால், அந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்கள் என்று நீங்களும் சொல்லலாம்.

அந்த எண்தான் அடுத்த கதவைத் திறக்கும். தொலைபேசி, இன்டர்நெட் நிறுவனங்களுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் விதி போட்டது. மெனுவின் முதல் அடுக்கு மொழி, இரண்டாவது சேவை வகைகள், மூன்றாவது உட்பிரிவுகள். அந்த மூன்றாவது அடுக்கில் ஆளோடு பேசும் தேர்வு கட்டாயம் இருக்க வேண்டும். புகாருக்கு டாக்கெட் எண் தர வேண்டும். தீர்வு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு, கட்டணம் இல்லாமல் முறையிடலாம். அவர்கள் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே எழுதிப் பயனில்லை, தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை. ஆனால் மேல்முறையீடு என்ற சொல்லை ஏஜென்ட்டிடம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். குரல் மாறும்.

வங்கியென்றால் முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம். 2021 நவம்பரில் தொடங்கியது, இணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது, சந்தேகத்துக்கு 14448. நீங்கள் செய்யாத பரிவர்த்தனையில் பணம் போயிருந்தால் காத்திருக்கும் கதையே இல்லை. அதைப் புகார் செய்ய இணையதளத்தின் முகப்பிலேயே நேரடித் தொடுப்பு இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அந்த நிலையில் மெனுவில் ஏறாதீர்கள். முகப்பைத் திறந்து அங்கே பதிவு செய்யுங்கள், நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். காப்பீட்டுக்கு அதன் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா போர்ட்டல், அழைக்க 155255. மற்ற கடை, கூரியர், ஆன்லைன் வணிகம் எல்லாவற்றுக்கும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம்.

அந்தக் கணபதி கம்பெனிக்கு இரண்டு முறை கழிந்த பணம் ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. புகார் எண்ணைச் சொல்லி இரண்டு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது. இரண்டாவது முறை அந்தப் பெண் ஆளைப் பிடிக்க மூன்று நிமிடம் ஆனது என்று ஷீட்டில் எழுதியிருக்கிறாள்.

ஷீட்டில் இப்போது 31 வரிகள் இருக்கின்றன. போன வாரம் போனபோது பார்த்தேன். வங்கியின் வரியில் 5 என்பதை அடித்துவிட்டு 6 என்று திருத்தி, பக்கத்தில் தேதி போட்டு, அடைப்புக்குள் எழுதியிருந்தாள்: "மெனுவை மாத்திட்டாங்க."